குளவியை இறக்கிய ஏத்தாப்பூர்... கலைக்களஞ்சியத்தில் தனிப் பக்கத்துக்குத் தகுதி உண்டா?

வாழப்பாடி பஸ் ஸ்டாண்டில் ஆத்தூர் பஸ் ஏறி உட்கார்ந்தால், புத்திரகவுண்டன்பாளையம் நெருங்கும்போது பஸ்ஸில் பாதித் தலைகள் ஒரே பக்கம் திரும்பும். முத்துமலை முருகன். 146 அடி உயரம். மலேசியா பத்துமலை முருகனைவிட 6 அடி கூடுதல். 2022 ஏப்ரல் 6-ம் தேதி கும்பாபிஷேகம் நடந்ததிலிருந்து இந்தப் பக்கம் வரும் வெளியூர் வண்டிகளுக்குக் கணக்கில்லை. செல்ஃபி எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை.

அந்தச் சிலைக்குப் பக்கத்து ஊர்தான் ஏத்தாப்பூர். வசிஷ்ட நதிக்கரையில் ஒரு சின்னப் பேரூராட்சி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்குச் சரியாக 30 நாள் முன்பு, 2022 மார்ச் 7-ம் தேதி, அங்கேயும் ஒரு கூட்டம் கூடியது. வந்தவர்கள் மரவள்ளி விவசாயிகள். அன்றைக்கு வயலில் திறந்துவிடப்பட்டது ஒரு குளவி. கடுகைவிடச் சின்னது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்தது. இந்தியாவில் அந்தக் குளவி முதன்முதலாக வயலில் விடப்பட்ட இடம் ஏத்தாப்பூர்.

சிலைக்குக் கிடைத்த வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்குகூட அந்தக் குளவிக்குக் கிடைக்கவில்லை. அது பரவாயில்லை. 146 அடிக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் போட்டி வைப்பது நியாயமும் இல்லை. ஆனால், வேறொரு கேள்வி இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கீழே, ஒரு கிராமத்து ஓரத்தில் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக் குழுவுக்குக் கலைக்களஞ்சியத்தில் தனியாக ஒரு கட்டுரை கொடுக்கலாமா? இல்லை, தாய்ப் பல்கலைக்கழகத்தின் கட்டுரையில் ஒரு வரியோடு முடித்துக்கொள்ள வேண்டுமா?

கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால், விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுபவர்களும் நீக்குபவர்களும் பல வருடங்களாக மல்லுக்கட்டும் கேள்வி இது. அதற்குள் போகும் முன், அந்தக் குளவி எதற்கு வந்தது என்பதைப் பார்த்துவிடலாம். தகுதி பற்றிய பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நுனி சுருண்ட கதை

சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளியை யாரும் மரவள்ளி என்று நீட்டிச் சொல்வதில்லை. குச்சிக்கிழங்கு. குச்சியை வெட்டி நட்டால் முளைக்கிற கிழங்கு என்பதால் அந்தப் பேர். அவித்துத் தின்பது கொஞ்சம்தான். மீதியெல்லாம் லாரி ஏறி சேகோ ஃபேக்டரிக்குப் போகும். பாயசத்தில் மிதக்கும் ஜவ்வரிசியும், துணிக்குக் கஞ்சி போடும் ஸ்டார்ச்சும் அங்கிருந்து வருபவை.

இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு வருவது நின்றுபோனபோதுதான் சேலத்தில் இந்தத் தொழில் கால் ஊன்றியது. 1943 வாக்கில், மலேயாவில் இந்தத் தொழிலைப் பார்த்திருந்த போபட்லால் ஷாவும் சேலம் மாணிக்கம் செட்டியாரும் கைக்கருவிகளை வைத்துத் தொடங்கினார்கள் என்பது தொழில் வட்டாரத்தில் சொல்லப்படும் வரலாறு. 1981-ல் உற்பத்தியாளர்களுக்கு 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனைக்கும் அடியில் இருப்பது அந்தக் குச்சி ஒன்றுதான்.

2020-ல் கேரளாவின் திருச்சூர் பக்கம் மரவள்ளியில் ஒரு புது மாவுப்பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் அதற்கு முன் இல்லாத பூச்சி. கொஞ்ச நாளில் இங்கேயும் வந்துவிட்டது. செடியின் நுனியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். நுனி இலைகள் சுருண்டு, முடிச்சுப்போட்ட மாதிரி குவிந்துவிடும். செடி அதற்குமேல் எழும்பாது. இந்தப் பூச்சியில் ஆணே கிடையாது. பெண் மட்டும். துணை இல்லாமலே முட்டை வைத்துப் பெருகும். வெயில் காய்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். மருந்தடித்தாலும் சுருண்ட இலைக்குள் மெழுகுப் பொடி போர்த்திக்கொண்டு பத்திரமாக இருக்கும்.

தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு இப்படியொரு அனுபவம் ஏற்கெனவே இருந்தது. 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரியையும் மரவள்ளியையும் மேய்ந்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் எதிரிக் குளவிகளை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. அதே வழிதான் இப்போதும். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் மையம் 2021-ல் பெனின் நாட்டிலிருந்து 'அனகைரஸ் லோபெசி' என்ற குளவியைத் தருவித்தது. தனிமைப்படுத்தி வைத்துச் சோதித்தது. வயலில் விட அனுமதி வாங்கியது. விட்ட இடம் ஏத்தாப்பூர்.

குளவியின் வேலை எளிமையானது, கொஞ்சம் கொடூரமானதும்கூட. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைத்துவிடும். புழு உள்ளேயிருந்தே தின்று வளரும். மாவுப்பூச்சி காய்ந்து கூடாகிவிடும். அதை ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். விவசாயிக்கு இதில் ஒரு வேலைதான். குளவி விட்ட வயலில் விஷ மருந்து அடிக்கக் கூடாது. ஆனால், கண்முன்னே நுனி கருகும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது குத்தகைப் பணம் கட்டிய ஆளுக்குத்தான் தெரியும்.

பக்கம் கிடைத்தவர்கள்

இந்தக் குளவிக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. 1970-களில் தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு இதே மாவுப்பூச்சி போய்ச் சேர்ந்தது. அங்கே கோடிக்கணக்கானவர்களுக்கு மரவள்ளிதான் சோறு. பஞ்சம் வரும் என்று பயந்தார்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் ஹெரன் என்ற பூச்சியியலாளர் தலைமையில் நைஜீரியாவில் ஒரு குழு வேலை பார்த்தது. பராகுவேயில் கிடைத்த இந்தக் குளவியை வளர்த்து, நாடு நாடாகக் கொண்டுபோய் விட்டார்கள். 1995-ல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். பிறகு தாய்லாந்துக்குப் பூச்சி போனபோது, பின்னாலேயே குளவியும் போனது.

ஹெரனுக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் இருக்கிறது. பரிசுக்கும் இருக்கிறது. பெங்களூர் மையம் தேசிய நிறுவனம் என்பதால் அதற்கும் சிக்கல் இல்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணி ஏத்தாப்பூர். அதைப் பற்றித்தான் கேள்வியே.

விக்கிப்பீடியா இதற்கு வைத்திருக்கும் அளவுகோலுக்குத் தமிழில் 'குறிப்பிடத்தக்கமை' என்று பேர். வாயில் கொஞ்சம் சிக்கும் சொல். பொருள் எளிது. ஒரு விஷயம் நல்லதா, உபயோகமானதா, உழைப்பு மிக்கதா என்று அது பார்ப்பதில்லை. அந்த விஷயத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத வெளியார், நம்பத்தகுந்த இடத்தில், போகிறபோக்கில் பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், நின்று எழுதியிருக்கிறார்களா என்று மட்டும்தான் பார்க்கும். எழுதியிருந்தால் கட்டுரை நிற்கும். இல்லாவிட்டால் நீக்கப் பரிந்துரைப்பார்கள், அல்லது தாய்க் கட்டுரைக்கு வழிமாற்றிவிடுவார்கள்.

பல்கலைக்கழகத்தின் உறுப்புகள் விஷயத்தில் கெடுபிடி இன்னும் கொஞ்சம் அதிகம். ஒரு துறை, ஒரு மையம், ஓர் ஆய்வுக்கூடம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை பொதுவாகக் கிடையாது. தன் புலத்தில் குறிப்பிடும்படியான பங்களிப்பு செய்திருந்தால்தான் விதிவிலக்கு. தாயின் புகழ் பிள்ளைக்குத் தானாக வந்துசேராது என்பது அங்கே அடிக்கடி சொல்லப்படும் வாதம். 1868-ல் சைதாப்பேட்டைப் பண்ணைப் பள்ளியில் வேர்விட்டு, 1906-ல் கோவைக்கு மாறி, 1971-ல் பல்கலைக்கழகமான வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெருமையெல்லாம் ஏத்தாப்பூருக்கு மதிப்பெண்ணாகச் சேராது. ஏத்தாப்பூர் சொந்தமாகப் பரீட்சை எழுதித் தேற வேண்டும்.

இந்தக் கெடுபிடி அநியாயம் என்று படலாம். சேலம் - நாமக்கல் வட்டாரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் யோசித்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஹைவேயில் அரை மணி நேரம் போனாலே இரண்டு பக்கமும் எத்தனை கல்லூரி போர்டுகள்! ஒவ்வொன்றிலும் 'சிறப்பு மையம்', 'ஆய்வுக் குழு', 'இன்னோவேஷன் செல்'. கதவைத் திறந்துவிட்டால் அட்மிஷன் சீசனுக்குள் அத்தனையும் கட்டுரையாகிவிடும். 'உலகத் தரம் வாய்ந்த', 'தலைசிறந்த' என்று வரிக்கு இரண்டு அடைமொழி இருக்கும். நோட்டீஸ் எது, தகவல் எது என்று ப்ளஸ் டூ பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளையின் அப்பா அதைப் படித்துவிட்டுத்தான் நிலத்தை அடகு வைப்பார். இதையெல்லாம் தடுக்கத்தான் அந்தக் காவல்காரர் வாசலில் நிற்கிறார். சம்பளம் இல்லாமல் நிற்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காவல்காரர் சறுக்கிய இடம்

சறுக்கியதும் உண்டு. கனடாவின் இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்ட் பற்றி 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு வரைவுக் கட்டுரை வந்தது. சான்றுகள் போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் தலைவராக இருந்த ஒளியியல் சங்கத்தின் பக்கத்தையே சான்றாகக் காட்டியிருந்தார்கள். அது வெளியார் எழுத்து இல்லையே என்பது காரணம். விதிப்படி பார்த்தால் தப்பில்லை. அக்டோபர் 2-ம் தேதி அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த நேரத்தில் அவருக்கு அங்கே பக்கமே இல்லை. உலகம் முழுக்கச் செய்தியானது.

அந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது, திருப்பி அனுப்பியவரின் அலட்சியம் இல்லை. லேசர் துறையில் முப்பது வருடமாகப் பேர் பெற்றிருந்த பெண்ணைப் பற்றிப் பத்திரிகைகள் நின்று எழுதவில்லை. அவர்கள் எழுதாததால் கலைக்களஞ்சியமும் எழுத முடியவில்லை. கலைக்களஞ்சியம் கண்ணாடி மாதிரி. எதிரே யாராவது நின்றால்தான் அதில் முகம் தெரியும்.

கனடாவில் இருக்கும் விஞ்ஞானிக்கே இந்த நிலை என்றால், பெத்தநாயக்கன்பாளையம் வட்டத்தில் வெள்ளை ஈயையும் தேமல் நோயையும் கணக்கெடுக்கும் குழுவுக்கு என்ன ஆகும்?

அச்சுக் காலத்தில் இந்தத் தலைவலி வேறு மாதிரி இருந்தது. தமிழின் முதல் நவீனக் கலைக்களஞ்சியத்தை 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தது தமிழ் வளர்ச்சிக் கழகம். முதன்மை ஆசிரியர் பெரியசாமி தூரன், நம் பக்கத்து ஈரோட்டுக்காரர். எது உள்ளே, எது வெளியே என்பதை ஆசிரியர் குழு உட்கார்ந்து முடிவு செய்தது. இடம் குறைவு, தாள் விலை அதிகம். விட்டுப்போனதைப் பற்றி வாசகர் கேள்வி கேட்கவும் வழியில்லை. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் தாள் செலவு இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் 'இது எதற்கு?' என்று பேச்சுப் பக்கத்தில் கேட்கலாம். தூரன் காலத்தில் அறைக்குள் நடந்த விவாதம் இப்போது திண்ணையில் நடக்கிறது. அவ்வளவு வித்தியாசம்.

குழுவா, வேலையா?

சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் உதாரணம். 1952-ல் ஜி.என்.ராமச்சந்திரன் அங்கே இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்றார். வயது 30-ஐத் தொடவில்லை. அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காருவின் வால் நார் வாங்கி எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரி இருக்கிறது என்று 1954-ல் சொன்னார்கள். 1963-ல் சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 'ராமச்சந்திரன் வரைபடம்' வெளியிட்டார். இன்றைக்கும் உயிர்வேதியியல் பாடப்புத்தகத்தில் அது உண்டு.

உலகம் முழுக்கத் தெரிந்தது அந்த வரைபடம். பிறகு அந்த மனிதர். அந்தச் சின்னக் குழு மூன்றாவதாகத்தான் நினைவுக்கு வருகிறது. இது நியாயமான வரிசைதான். ஒரு குழு என்ன செய்தது என்று ஒரு பத்தியில் சொல்ல முடிந்தால், அந்தப் பத்தியின் தலைப்புதான் கட்டுரையின் தலைப்பாகவும் இருக்க வேண்டும். ஆள் மாறுவார்கள், புராஜெக்ட் முடியும், நிதி நிற்கும், பெயர்ப்பலகை கழற்றப்படும். வரைபடம் இருக்கும்.

ஆனால், வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்துக்கு இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. ஏனென்றால், அங்கே ஊரும் வேலையும் ஒட்டிப் பிறந்தவை. 1912-ல் கோவையில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில், பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் உருவாக்கிய ரகங்களுக்குக் 'கோ' என்ற முன்னெழுத்து. கோயம்புத்தூரின் 'கோ'. வட இந்தியாவில் கரும்பு போடும் ஆளுக்குக் கோவை எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டாலும், கோ தெரியும். 1922-ல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் 'ஏடிடி' காவிரிப் பாசனத்தில் வீட்டுப் பேர். நிலக்கடலையில் 'டிஎம்வி' என்றால் திண்டிவனம், 'விஆர்ஐ' என்றால் விருத்தாசலம். மஞ்சளில் 'பிஎஸ்ஆர்' என்றால் பவானிசாகர்.

அந்த வரிசையில்தான் 'ஒய்' வருகிறது. ஏத்தாப்பூரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் விழும் எழுத்து. மரவள்ளியில் ஒய்டிபி 1, ஒய்டிபி 2. கொட்டமுத்து என்று ஊரில் சொல்லும் ஆமணக்கில் ஒய்ஆர்சிஹெச் 1, ஒய்ஆர்சிஹெச் 2 என்ற வீரிய ஒட்டு ரகங்கள். விதைப் பையின் மேல் ஊர் பேர் ஒளிந்திருக்கிறது. ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டதால், வாங்குபவருக்கே அது தெரியாது.

அப்படிப் பார்த்தால் ஏத்தாப்பூர் நிலையம், ஒரு பேராசிரியரும் நான்கு ஆராய்ச்சி மாணவர்களும் சேர்ந்து பேர் வைத்துக்கொண்ட குழு போன்றது அல்ல. நிலம் இருக்கிறது, பயிர் இருக்கிறது, வெளியே போன ரகங்கள் இருக்கின்றன, தேதி குறித்துச் சொல்லக்கூடிய ஒரு நிகழ்வும் இருக்கிறது. 2022 மார்ச் 7 நிகழ்வைப் பற்றிப் பல்கலைக்கழகம் சாராத பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. காவல்காரர் கேட்கும் அடையாள அட்டை அதுதான். ரகங்களைப் பற்றி மற்ற நிறுவனத்து விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைகளில் சோதித்து எழுதியிருந்தால் அதுவும் சேரும். பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளமும் ஆண்டறிக்கையும் எத்தனை பக்கம் இருந்தாலும், தகுதிக்கு அவற்றை வைத்துக்கொள்ள முடியாது. ரகம் எந்த ஆண்டு வந்தது, எத்தனை மாதப் பயிர் போன்ற விவரங்களுக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை படிப்பை நம்பலாம், 'சௌபாக்கியவதி' என்று போட்டிருப்பதை வைத்துக் குணச் சான்றிதழ் கொடுக்க முடியாது, அந்த மாதிரி.

ஆகவே, தகுதி உண்டு. பெரிய கட்டுரைக்கு இல்லை, நிதானமான ஒரு குறுங்கட்டுரைக்கு உண்டு. ஆனால், முதலில் எழுதப்பட வேண்டியது அது இல்லை.

செல்போனில் தேடும் கை

வயலில் நிற்கும் ஒருவர் நுனி சுருண்டதைப் பார்த்ததும் என்ன செய்வார்? முன்பென்றால் மருந்துக் கடைக்குப் போய், 'என்ன பூச்சிங்க இது?' என்று இலையை நீட்டுவார். கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து வைப்பார். இப்போதும் அதுதான் நடக்கிறது. நடுவில் மகனோ மகளோ செல்போனில் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பது மட்டும் புதுசு. அந்தத் தட்டலில் முதலில் வரும் பதில்கள் பெரும்பாலும் எங்காவது யாரோ இலவசமாக எழுதி வைத்த எழுத்திலிருந்து வருபவை. ஏஐ செயலிகளுக்குப் பாடமாகக் கொடுக்கப்படும் எழுத்துக் குவியல்களில் விக்கிப்பீடியாவும் முக்கியமான ஒன்று. தமிழில் இல்லாதது அங்கேயும் தமிழில் சரியாக வராது. அப்புறம் பாட்டில்தான்.

அவருக்கு ஏத்தாப்பூர் நிலையத்தின் வரலாறு வேண்டாம். மாவுப்பூச்சியின் படம், குளவியின் படம், மருந்தடிக்கக் கூடாத காரணம், குச்சி வெட்டும்போது எந்தச் செடியைத் தொடக் கூடாது என்ற விவரம். இவ்வளவும் நல்ல தமிழில், முள்ளுவாடி, குங்குமரோஸ் என்று அவர் பேர் சொல்லும் ரகங்களோடு இருந்தால் போதும். மாவுப்பூச்சிக்கும் குளவிக்கும் தகுதிப் பிரச்சினையே கிடையாது. முறையாகப் பேர் வைக்கப்பட்ட உயிரினம் எதற்கும் விக்கிப்பீடியாவில் பொதுவாக இடம் உண்டு. அந்தக் கட்டுரையில், 'இந்தியாவில் முதலில் விடப்பட்டது ஏத்தாப்பூரில்' என்ற ஒரு வரி வரும். அந்த வரியை யாராவது தட்டினால் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். நிலையத்தின் பக்கம் அப்போது அவசியமாகிவிடும். குளவி கதவைத் திறந்தால், நிலையம் உள்ளே வரும். தலைகீழாகச் செய்தால்தான் நீக்கல் பரிந்துரை வரும்.

இதில் ஒரு மனக்குறை மிஞ்சுகிறது. மார்ச் 7-க்குப் பிறகு நடந்ததில் பெரும்பகுதி எழுத்தில் இல்லை. எந்தத் தோட்டத்தில் குளவி தங்கியது, எங்கே மருந்தடித்து விரட்டிவிட்டார்கள், எந்த மேட்டு நிலத்தில் நுனி திரும்பவும் விரிந்தது என்பதெல்லாம் வாழப்பாடி சந்தையில் வாய்ப்பேச்சாகக் கிடைக்கும். வாய்ப்பேச்சு சான்றாகாது. மாவட்டப் பதிப்பில் உள்பக்கத்தில் வரும் நான்கு பத்திச் செய்தி சான்றாகும். ஆனால், அடுத்த வருடம் தேடினால் அந்த இணைப்பு திறக்காது. ஆங்கிலத்தில் வந்தால் நிலைக்கிறது, தமிழில் வந்தால் கரைந்துவிடுகிறது. குறிப்பிடத்தக்கமை விதியை எழுதியவர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. பத்திரிகைக்காரர்கள் செய்யாமல் விட்ட வேலைக்கு விதி பொறுப்பாகாது. சிலை பற்றி ஆயிரம் வீடியோ போட்ட டிஜிட்டல் மீடியாக்கள், 5 கிலோமீட்டர் உள்ளே போய் குச்சிக்கிழங்குக் காட்டில் ஒரு நாள் நின்றிருந்தால், இந்தக் கட்டுரைக்குத் தலைப்பே தேவைப்பட்டிருக்காது.

நிலையத்தில் வேலை பார்ப்பவர்களே எழுதிவிடலாமே என்றால், கூடாது. தன் நிறுவனத்தைப் பற்றித் தானே எழுதுவது அங்கே நலமுரண். சொல்ல வேண்டியதைப் பேச்சுப் பக்கத்தில், 'நான் இங்கே வேலை பார்க்கிறேன்' என்று அறிவித்துவிட்டுச் சொல்லலாம். இந்த ஆண்டு தவறு, இந்த ரகத்தின் பேர் தப்பாக இருக்கிறது என்று திருத்தக் கேட்கலாம். சொந்தமாக எடுத்த மாவுப்பூச்சிப் படத்தைப் பொதுவில் விடலாம். ஒரு நல்ல படம் நான்கு பத்திக்குச் சமம். கட்டுரையைத் தொகுக்க வேண்டியவர் வெளியாள். வேளாண்மை படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவராக இருக்கலாம், ஏதாவதொரு அரசுப் பள்ளியின் அறிவியல் டீச்சராக இருக்கலாம், சேகோ ஃபேக்டரியில் கணக்கெழுதும் பையனாகவும் இருக்கலாம். மணல்தொட்டி என்று ஒரு பயிற்சிப் பக்கம் உண்டு. அங்கே எழுதிப் பார்த்தால் யாரும் நீக்க வர மாட்டார்கள்.

முதல் வரி கிட்டத்தட்ட தயாராகவே இருக்கிறது. மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையம். 'தலைசிறந்த' வேண்டாம். 'புகழ்பெற்ற' வேண்டாம். இரண்டாவது வரியில் 2022 மார்ச் 7. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண், அதைத் தட்டினால் திறக்கும் ஒரு செய்தி. மூன்றாவது வரிக்குச் சான்று தேடி ஒருவர் பஸ் ஏறினால், புத்திரகவுண்டன்பாளையத்தில் இறங்க வேண்டும். எல்லோரும் இறங்கும் அதே ஸ்டாப்தான்.